ஓல்டான் என்றால் நிற்க வேண்டும்

உண்ணாமலையைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பொம்பளை என்பார்கள். இல்லாவிட்டால், பொட்டப் பிள்ளைகளைக் கிடா மாதிரி முட்டவிடுகிற பொம்பளை என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருநாளாவது அந்த இடத்துக்கு வந்து நின்று பார்த்தவர்கள் இல்லை. பார்க்காமல் பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் பார்த்தவன். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் மாதையன். ஓமலூரிலிருந்து மேச்சேரி போகிற ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். லாரிக்குப் பஞ்சர் ஒட்டுவது, காற்றடிப்பது, டயர் மாற்றுவது. கடைக்குப் பின்னால் ஒரு புறம்போக்கு நிலம் கிடக்கிறது. காலையில் செம்மறி ஆடுகள் மேயும். சாயங்காலம் உண்ணாமலை தன் வேனை அங்கே ஓரங்கட்டிவிட்டு, சுற்றுவட்டாரப் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுப்பாள். என் மகள் யாழினியும் அதில் ஒருத்தி.

ரக்பி என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இந்தப் பிள்ளைகள் ஆடுவதில் பக்கத்துக்கு ஏழு பேர். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். இடையில் யாராவது பந்தை முன்பக்கம் தவறவிட்டால், ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் தோளோடு தோள் கட்டிக் குனிந்து, எதிராளியின் தலைகளுக்கு இடையில் தங்கள் தலைகளைச் செருகி, நடுவில் உருட்டிவிடுகிற பந்துக்காகத் தள்ள வேண்டும். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அந்த ஆட்டத்திலேயே ஆபத்தான இடம் அதுதான். தள்ளுகிற நேரத்தில் நடுவில் இருக்கிற பிள்ளையின் தலை கீழே மடங்கிவிட்டால், இரண்டு பக்கத்துப் பலமும் அந்த ஒரு கழுத்தில் போய் இறங்கும். என் மகள்தான் நடுவில் நிற்கிற பிள்ளை. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

உண்ணாமலை மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம். சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது கபடிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவள், வரிசை மாறி நின்றுவிட்டாள். "ஏனுங்க சார், இது கபடிங்களா?" என்று கேட்பதற்குள் கையில் அந்த முட்டைப் பந்தைத் திணித்துவிட்டார்களாம். அப்புறம் கல்லூரி முடிகிறவரை ஸ்க்ரமில் இடதுபக்க ஆள் அவள்தான். அவளுக்கு வலதுகைப் பக்கம் நடுவில் நின்றவள் சரிதா, ஆத்தூர்க்காரி. ஸ்க்ரமில் பக்கத்து ஆளின் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். படித்த காலம் பூராவும் இவள் பனியன் அவள் கையில், அவள் பனியன் இவள் கையில். "என் கல்யாணத்துல என் வூட்டுக்காரர் கையப் புடிச்சப்ப, சரிதா புடி இதவிட எறுக்கமுன்னு நெனச்சனுங்கண்ணா" என்று உண்ணாமலை ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் கணவர் இளவழகன் போர்வெல் வண்டியோடு வடக்கே இருக்கிறவர். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார்.

படிப்பு முடிந்ததும் சரிதாவுக்கு அஸ்தம்பட்டிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கோச் வேலை கிடைத்தது. உண்ணாமலைக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்து, வேன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதன்முதலில் என் கடைக்கு அவள் வந்தது பஞ்சருக்கு இல்லை.

"அண்ணா, ஒட்டுப் போட்டும் தேறாத ட்யூப் இருக்குதுங்களா?"

"எதுக்கு சாமி?"

"தோள் குடுத்துத் தள்ளறதுக்குங்க."

இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டு லாரி ட்யூபைக் கொடுத்தேன். பெரிய பள்ளிகளில் ஸ்க்ரம் பழக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்களாம். இரும்புச் சட்டத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. அதற்கெல்லாம் இங்கே எங்கே போவது? அவள் அந்த ட்யூபுகளை அரைக்காற்று அடித்து அங்கிருந்த வேப்பமரத்தில் தோள் உயரத்துக்குக் கயிற்றால் கட்டினாள். மூன்று மூன்று பேராகக் குனிந்து அதில் தோளை வைத்துத் தள்ளினார்கள். முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முதுகின்மேல் எவர்சில்வர் தட்டு வைத்து அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் சிந்தினால் முதுகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த யாழினியின் சட்டை பின்பக்கம் பூராவும் நனைந்திருந்தது. என் மனைவி வசந்தாமணி, ஆட்டம் பழகப் போனாளா, பாத்திரம் கழுவப் போனாளா என்று கேட்டாள்.

தலை தொங்கக் கூடாது என்பதற்கு இன்னொன்று வைத்திருந்தாள். அவர்கள் குனிந்து தள்ளும்போது மரத்துக்கு அந்தப்பக்கம் நின்று விரலைக் காட்டுவாள். "எத்தன?" என்பாள். "மூணுங்க்கா," "ரெண்டுங்க்கா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்ல வேண்டும். விரல் தெரியவில்லை என்றால் தலை கீழே போய்விட்டது. அப்புறம் மண்ணில் முழங்கால் போட்டு ஒருவருக்கு ஒருவர் தோள் கொடுத்து மெதுவாகத் தள்ளுவது, அப்புறம் நின்றபடி, அப்புறம் மூன்றுக்கு மூன்று. அவசரப்பட மாட்டாள். தட்டுத் தண்ணீர் நிற்கிறவரை ஒருத்தியையும் எதிராளியோடு சேரவிட்டதில்லை. ஆட்டத்தில் நடுவர் இங்கிலீஷில் மூன்று வார்த்தை சொல்வாராம். இவள் அதைத் தமிழில் வைத்துக்கொண்டாள். குனி, புடி, சேரு.

நான்காவதாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. யாருக்காவது கழுத்தில் பிடித்தால் கத்துவதற்கு. அதைக் கேட்ட நொடியில் அத்தனை பேரும் தள்ளுவதை நிறுத்தியாக வேண்டும்.

முதலில் "உடு" என்று வைத்தாள். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அம்மாக்கள் ஆர்வம் தாங்காமல், "உடாதீங்கடி, உடாதீங்கடி" என்று கத்த, பிள்ளைகள் காதில் முதல் எழுத்து விழுந்த கையோடு பிடியை விட்டு, ஒருத்திமேல் ஒருத்தி பொத்தென்று விழுந்தார்கள். "நிறுத்து" என்று மாற்றினாள். நசுங்கிய தொண்டையில் அந்த வார்த்தை முழுதாக வரவில்லை. "அம்மா" சரிப்படாது. எறும்பு கடித்தாலும் அம்மா என்றுதான் கத்துகிறார்கள்.

கடைசியில் வார்த்தையைக் கொண்டுவந்தது வேன் ஆயா பொன்னாத்தாள். வேனைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் பொன்னாத்தாள்தான் இறங்கிப் பின்பக்கம் நிற்பார். "ரைட்டு, ரைட்டு, ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஏதாவது குறுக்கே வந்தால் "ஓல்டான்" என்பார். பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற அதே ஓல்டான்தான். அன்றைக்கு பொன்னாத்தாள் அப்படிக் கத்தியபோது, வேன் நின்றது மட்டுமில்லை. மரத்தடியில் தள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தனையும் டிரைவர் வீட்டு, கிளீனர் வீட்டு, மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகள். அந்த வார்த்தைக்கு நிற்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் விளையாட்டாகச் சொல்வார்கள். செத்துப்போய்விட்டான் என்றுகூடச் சொல்வார்கள். ஓல்டான் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். லாரியைப் பின்னால் எடுக்கிறவனுக்குச் சக்கரத்தடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கத்துகிற வாயைத்தான் அவன் நம்ப வேண்டும். ஒருமுறை என் கடையில் ஒரு கிளீனர் சும்மா ஓல்டான் என்று கத்திவிட்டுப் பல்லைக் காட்டினான். டிரைவர் அவன் துணிப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தது தப்பு என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை.

"இதேதாங்கண்ணா. குனிஞ்சு தள்றவளுக்கும் முன்னால ஒண்ணும் தெரியாது" என்றாள் உண்ணாமலை.

அந்த வார்த்தையை வைத்துத்தான் அவள் அம்மாக்களிடம் பேசினாள். வசந்தாமணிக்கு இந்த ஆட்டத்தில் துளியும் இஷ்டமில்லை. கழுத்து போய்விட்டால் எவன் கட்டிக்கொள்வான் என்று ஆரம்பித்தாள். உண்ணாமலை எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்: "அக்கா, ஓல்டான்னு ஒரு சத்தம் கேட்டா எல்லாரும் நிப்பாங்க. கப்பு போனாலும் சரி, நிப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு." அந்த ஒரு பேச்சில்தான் யாழினி போனாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். அந்த வார்த்தை ஒருமுறை பொய்த்தால் அடுத்த நாள் ஒரு தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எந்த ஆட்டத்துக்குப் போனாலும், தொடங்குவதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளிடம் போவாள். "கழுத்துல புடிச்சுதுன்னா ஓல்டான்னு கத்துங்க சாமி. எங்க புள்ளைங்க உட்ருவாங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். சில பேர் சிரிப்பார்கள். சில பேர் தலையாட்டுவார்கள். "இதெல்லாம் எதிராளிக்கு எதுக்கு சாமி?" என்று நான் கேட்டேன். "எதிர்ல நிக்கறதும் புள்ளதானுங்களே" என்றாள்.

போன வருஷம் சேலத்தில் நடந்த மாவட்ட ஆட்டத்தில் கடைசிவரை வந்தது இரண்டு அணி. எங்கள் பிள்ளைகள் ஒன்று. சரிதாவின் பள்ளி ஒன்று. ஆட்டம் அவர்கள் மைதானத்திலேயே நடந்தது. ஷெட்டில் அந்தச் சிவப்பு மெத்தை மெஷின் நின்றது. எங்கள் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சரிதா வந்து உண்ணாமலையைக் கட்டிக்கொண்டாள். "என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்றாள். இரண்டு பேரும் ஒருத்தி பேச்சில் ஒருத்தி புகுந்து பேசினார்கள். உண்ணாமலை முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்புறம் வழக்கம்போல அந்தப் பிள்ளைகளிடம் போய் வார்த்தையைச் சொன்னாள். சரிதா பக்கத்திலேயே நின்றாள். "கேட்டுக்கோங்கடி, அக்கா சொல்றதை" என்றுகூடச் சொன்னாள்.

ஆட்டத்தில் மெஷின் ஒன்றும் உதவவில்லை. ஸ்க்ரம் என்று வந்தால் எங்கள் மூன்று பேரும் அவர்களை அப்படியே நகர்த்திக்கொண்டு போனார்கள். இடதுபக்கம் அணித்தலைவி அன்பு, நடுவில் யாழினி, வலதுபக்கம் ஒரு மேச்சேரிப் பெண். ஆட்டம் முடியப்போகிறது. நாங்கள் கொஞ்சம் முன்னிலையில் இருந்தோம். எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரம். பந்தை உருட்டுவது அவர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் தள்ளிய தள்ளலில் அவர்கள் கால் வழுக்கிப் பின்னால் போகிறது. பந்து எங்கள் பக்கம் வரப்போகிறது.

"ஓல்டான்."

கணீரென்று கேட்டது. எதிர்ப்பக்கத்தில் நடுவில் இருந்த, இரண்டாம் நம்பர் பனியன் போட்ட பெண். எங்கள் மூன்று பேரும் அந்த நொடியே தோளை எடுத்துவிட்டார்கள். யாழினி மண்டிபோட்டு அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்திப் பார்க்கப் போனாள். "கழுத்துங்களா? எங்க புடிச்சுது?" என்று கேட்டாளாம். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பக்கத்தால் பந்தை எடுத்துக்கொண்டு அவர்களில் ஒருத்தி ஓடிக் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டாள். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். கப்பு அவர்களுக்கு. இரண்டாம் நம்பர் எழுந்து, கழுத்தை ஒன்றுமே இல்லாத மாதிரி சிலுப்பிக்கொண்டு, ஓடிப்போய்த் தன் கூட்டத்தோடு குதித்தாள். என் மகள் இன்னும் மண்டிபோட்டபடியே இருந்தாள்.

நான் ஓடிப்போய் நடுவரிடம் கேட்டேன். அவர் வெளி மாவட்டத்துக்காரர். "பஸ் கண்டக்டர் வார்த்தைக்கெல்லாம் நான் ஆட்டத்தை நிறுத்த முடியாதுங்க. எல்லாரும் என் விசிலுக்குத்தான் நிக்கணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

உண்ணாமலை நடுவரிடம் போகவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சரிதா மெஷினில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சரிதா, அந்தப் புள்ளைக்குக் கழுத்துல ஒண்ணுமில்ல."

"தெரியும்."

"நீ சொல்லித்தான் கத்துச்சா?"

சரிதா பாட்டிலை மூடிவிட்டுச் சொன்னாள். "உன் பசங்க தள்ற தள்ளுக்கு எங்களால நிக்க முடியல உண்ணா. அவங்களை நிறுத்த இருக்கறது ஒரே வழி. அதையும் நீயே வந்து கையில குடுத்துட்டுப் போன."

"கழுத்துக்குக் குடுத்தேன்டி."

"இந்த வருஷமும் தோத்தா எனக்கு இங்க வேலை இல்லை. நீ வேன் ஓட்டிக்கிட்டுப் பொழுதுபோக்குக்குச் செய்யற. எனக்கு அப்படியா?"

உண்ணாமலை சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் சேர்ந்து போட்டிருப்பேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். திரும்பி நடந்தாள். வேனில் வரும்போது கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டிக்கொண்டவளே பிடரியில் அடித்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அடுத்த நாள் மரத்தடியில் அன்பு கேட்டாள். "அக்கா, இனிமே அவங்க சொன்னாலும் நிக்கோணுங்களா?"

"நிக்கோணும்."

"பொய்யின்னாலுமுங்களா?"

"குனிஞ்சிருக்கறப்ப பொய்யா நெசமான்னு உனக்குத் தெரியுமா? தெரியாதில்ல? நிக்கோணும்."

சொன்னது சரிதான். ஆனால் சொன்ன குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வார்த்தையை மாத்திடலாமே சாமி. நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வேற ஒண்ணு வெச்சுக்கோ" என்றேன். "அப்பறம் எதிர்ல நிக்கறவ கழுத்து மாட்டுனா என்னன்னு கத்துவாங்கண்ணா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிக்கொண்டே வந்தாள். முன்பெல்லாம் தட்டுத் தண்ணீர் சிந்தினால் சிரிப்பாள். இப்போது திட்டினாள். பிள்ளைகள் யாராவது முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்தால், "நெசமாவா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்பாள். ஆனால் கேட்பாள். யாழினி ஒருநாள் வீட்டில், "அப்பா, அக்கா இப்பெல்லாம் எங்களப் பாக்கறப்ப யாரையோ பாக்கற மாதிரி பாக்கறாங்க" என்றாள்.

ஒரு சாயங்காலம் உண்ணாமலை வேனைக் கடைக்கு முன்னால் பின்னெடுத்தாள். பொன்னாத்தாள் பின்பக்கம் நின்று, "ரைட்டு, ரைட்டு" என்று வந்தவர், "ஓல்டான்" என்றார். வேன் நிற்கவில்லை. இரண்டடி வந்து, நான் அடுக்கிவைத்திருந்த டயர் அடுக்கில் மோதி, அடுக்கு சரிந்து, டயர்கள் ரோடு வரைக்கும் உருண்டன. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை. பொன்னாத்தாள், "ஏஞ்சாமி, நான் கத்தினது கேக்கலையா?" என்றார்.

"கேட்டுச்சுங்க ஆயா" என்றாள் உண்ணாமலை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "கேட்டுட்டு, மொதல்ல கண்ணாடியப் பாத்தேன்."

நான் டயர்களை உருட்டிக்கொண்டு வந்து மறுபடி அடுக்கினேன். அவளும் இறங்கி வந்து அடுக்கினாள். எனக்குச் சரிதாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு கப்போடு போயிருந்தால் போகட்டும். இந்தப் பெண்ணின் காதிலிருந்து அந்த வார்த்தையையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளே என்று நினைத்தேன்.

இந்த வருஷம் நாமக்கல்லில் ஒரு போட்டி. சுற்றுமுறையில் அதே பள்ளியோடு ஆட வேண்டி வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று வசந்தாமணி சொன்னாள். யாழினி கேட்கவில்லை. நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் உண்ணாமலை அன்றைக்கும் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளிடம் போனாள். "கழுத்துல புடிச்சுதுன்னா ஓல்டான்னு சொல்லுங்க. உட்ருவாங்க" என்றாள். சரிதாவைப் பார்க்கவில்லை. சரிதாவும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே இரண்டாம் நம்பர் பெண்தான் அவர்களுக்கு நடுவில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

காலையில் தண்ணீர் லாரி வைத்து மைதானத்தை நனைத்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் சேறாகவே இருந்தது. ஸ்க்ரம் அமைந்தது அந்த ஓரத்தில். நடுவர் மூன்று வார்த்தையும் சொன்னார். பிள்ளைகள் சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் ஒரே மூச்சாகத் தள்ளியது. அவர்கள் பக்கம் யாருக்கோ கால் வழுக்கியது.

"ஓல்டா..."

முழுதாகக்கூட வரவில்லை. இரண்டாம் நம்பர் பெண்ணின் குரல்தான். எங்கள் மூன்று பேரும் உடனே தோளை எடுத்துவிட்டார்கள். பந்து அங்கேயே கிடந்தது. அப்போது கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நிக்காதீங்கடி, பொய்யி அது. தள்ளுங்க, தள்ளுங்க."

உண்ணாமலை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். மைதானம் முழுவதும் கேட்டது. உள்ளே இருந்தது என் பிள்ளை மட்டுமா, யார் பிள்ளையாக இருந்தால் என்ன.

ஒருத்தியும் தள்ளவில்லை. மூன்று பேரும் கையை விரித்துக்கொண்டு, எதிராளிமேல் யாரும் சாய்ந்துவிடாமல் அணைபோட்ட மாதிரி நின்றார்கள். இரண்டாம் நம்பர் பெண் முகம் சேற்றில் புதைந்தபடி கிடந்தாள். யாழினிதான் மறுபடியும் மண்டிபோட்டாள். "ஆட்டாதீங்க, யாரும் தொடாதீங்க" என்றாள். அதுவும் உண்ணாமலை சொல்லிக்கொடுத்ததுதான். நடுவர் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார். டாக்டர் ஓடிவந்து பார்த்துக் கழுத்துக்குப் பட்டை போட்டார். பிசகியிருக்கிறது, சரியாகிவிடும், தள்ளியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். சரிதா அந்தப் பெண்ணின் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்து வந்து யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பிள்ளைகள் சரிதாவைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் திரும்பிக் கோட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உண்ணாமலை நின்றாள். கத்திய வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகச் சரிதாமேல் வைத்திருந்த கோபத்தை அந்த நேரம் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டு வாசலில் நின்று, கப்பு போனாலும் சரி, நிப்பாங்க, நான் பொறுப்பு என்று சொன்னவள்தானே இவள்? பிள்ளைகள் அந்தப் பேச்சைக் காப்பாற்றினார்கள். அவள் காப்பாற்றவில்லை. அவள்மேல் எனக்கு இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நம்பி ஏமாந்தேன் என்று தோன்றியது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள், "நம்ம புள்ள நின்னாளா?" என்று மட்டும் கேட்டாள். நின்றாள் என்றேன். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். உண்ணாமலை எப்போதும்போல ட்யூபுக்குக் காற்றடித்து மரத்தில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அன்பு, யாழினி, மேச்சேரிப் பெண் மூன்று பேரும் மரத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"குனி" என்றாள் உண்ணாமலை.

யாரும் குனியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் அன்பு. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கேளு சாமி."

"நாளைக்கு எங்கள்ல ஒருத்தி ஓல்டான்னு சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

நான் கடைப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நம்புவேன் என்று அவள் சட்டென்று சொல்லிவிட வேண்டுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. அப்படி ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"நம்புவேன்னு நான் சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

அன்பு கீழே பார்த்தாள். யாழினி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம் யாரோ ஒருத்தி பந்தை எடுத்தாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள், பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடிப் பழகினார்கள். உண்ணாமலை மரத்தடியிலேயே நின்றாள். அன்றைக்கு ஒருத்தியும் குனியவில்லை.